எங்களுக்கு அனுபவம், அவங்களுக்கு ஆக்கிரமிப்பா?

எங்க மோட்டார் கொட்டாயில 14 கம்பளி அடுக்கி வச்சிருக்கு. எல்லாம் புதுசு, பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கல. மார்கழி ரெண்டாவது வாரம் சென்னையிலேர்ந்து ரெண்டு கார்ல வந்தவங்க குடுத்துட்டுப் போனது. எனக்குக் குடுக்கல. என் கழனிக்கு மேற்கால, ரோட்டோரம் புளியமரத்தடியில தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருக்கிற இருளர் குடும்பங்களுக்குக் குடுத்தது. 14 குடும்பம்னு யாரோ அவங்களுக்குக் கணக்குச் சொல்லியிருக்காங்க. இப்ப இருக்கிறது 9 தான்.

வந்தவங்க நல்ல பிள்ளைங்க. போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அதை நான் தப்பு சொல்ல மாட்டேன், காசு போட்டவங்களுக்குக் கணக்குக் காட்டணும் இல்லையா. ஆனா கார் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகல, அங்க இருக்கிற பெரியம்மா கம்பளி மூட்டையைத் தலையில தூக்கிக்கிட்டு என் கொட்டாய்க்கு வந்துடுச்சு.

"சாமி, இதை உங்க கொட்டாயில வச்சிருங்க. பனியில நனைஞ்சா காயாது. இங்கேர்ந்தும் எழும்பச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. எங்க போறோம்னு தெரிஞ்சதும் வந்து வாங்கிக்கிறோம்."

அன்னியிலேர்ந்து தினமும் காலையில மோட்டார் போடப் போறப்பல்லாம் அந்தக் கம்பளி என் கண்ணுல படுது. படுத்துத் தூங்க இடம் இல்லாதவங்களுக்கு நாம போத்திக்கத் துணி குடுத்திருக்கோம். அதை வைக்கக்கூட அவங்களுக்கு இடம் இல்ல. இதைப் பத்தி நான் கொஞ்சம் காட்டமாத்தான் எழுதப் போறேன். முதல் அடி எனக்கே விழும், அதனால யாரும் கோவிச்சுக்க வேண்டாம்.

எங்க ஊரு செஞ்சிப் பக்கம். ஏரிப் பாசனம். பெரிய ஏரிதான், நிரம்பிக் கோடி போனா ரெண்டு போகம் நிச்சயம். ஆனா முப்பது வருஷமா ஏரி உள்வாயை வெட்டி வெட்டிப் பயிர் வச்சு, சவுக்கு வச்சு, ஒருத்தர் மாந்தோப்பே போட்டு, தண்ணி நிக்கிற இடம் குறைஞ்சுபோச்சு. கடைமடைக்காரன் நான். எனக்குத்தான் முதல்ல தண்ணி நிக்கும். அதனால ஆக்கிரமிப்பை எடுக்கணும்னு ஆயக்கட்டு விவசாயிங்க 62 பேர் சேர்ந்து மனு போட்டோம். 17-வது கையெழுத்து என்னோடது. மனு எழுதிக் குடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன். "ஏரியில் உள்ள அனைத்து ஆக்கிரமிப்புகளையும்"னு எழுதினோம். அந்த "அனைத்து"ங்கிற வார்த்தையைப் போட்டது நான்தான். பத்தாவது படிச்ச திமிரு.

இதுக்குச் சட்டமெல்லாம் தெளிவா இருக்கு. 2007-ல ஏரிகளைப் பாதுகாக்கிறதுக்கும் ஆக்கிரமிப்பை அகற்றுறதுக்கும்னே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் போட்டாங்க. அளக்கணும், எல்லைக்கல் நடணும், நோட்டீஸ் குடுக்கணும், எடுக்கணும். எங்க ஏரியையும் அளந்தாங்க. நோட்டீஸ் ஒட்டினாங்க. உள்வாயில பயிர் வச்சிருந்தவங்க வக்கீல் வச்சுத் தடை வாங்கிட்டாங்க. அதுல ரெண்டு பேர் எங்க மனுவுலயே கையெழுத்துப் போட்டவங்க, அதையும் சொல்லிடறேன். கிட்டத்தட்ட இருபது ஏக்கர், மாமரம் இன்னிக்கும் பூ வச்சு நிக்குது. தடை வாங்கத் தெரியாம இருந்தது ஏரிக்கரை ஓரம் 14 குடிசை. ஆவணி மாசம் ஒரு வியாழக்கிழமை காலையில ரெண்டு ஜேசிபி வந்துச்சு. நான் கழனியில சேறு அடிச்சுக்கிட்டு இருந்தேன். பதினோரு மணிக்குக் கஞ்சி குடிக்கக் கரையேறினப்ப வேலை முடிஞ்சிருந்துச்சு.

அந்த 14 குடிசையும் சேர்த்து எவ்வளவு இடம் தெரியுமா? நான் காலால அளந்து பார்த்தேன். முப்பது சென்ட்டு வராது. அந்த முப்பது சென்ட்டு காலியானதால ஏரியில ஒரு சொட்டுத் தண்ணி கூடுதலா நிக்கல. ஐப்பசி மழைக்கு ஏரி அதே மட்டத்துலதான் நின்னுச்சு. இருந்தும் எங்க ஊர்க் கோப்புல "ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது"ன்னு ஆகிப்போச்சு. நாங்க கேட்டது கிடைச்ச மாதிரி.

இருளர்னா யாருன்னு உங்கள்ல நிறைய பேருக்கு 'ஜெய் பீம்' படம் வந்தப்பதான் தெரிஞ்சிருக்கும். 2021-ல வந்துச்சு. என் மக சென்னையில ஹாஸ்டல்ல இருந்து பார்த்துட்டு ராத்திரியில போன் போட்டு அழுதா. எனக்கு அவங்களை என் அஞ்சு வயசுலேர்ந்து தெரியும். எலி பிடிக்க வருவாங்க. இதைப் பட்டணத்துல இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் விளக்கணும்.

நெல்லு பால் பிடிச்சு கதிர் முத்துற நேரத்துல எலி வந்து தாளைக் கடிச்சுக் கதிரை வளைக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிடும். வரப்புல ஒரு வளைக்கு நாலஞ்சு வாசல் இருக்கும். எது உள்ள போற வாசல், எது தப்பிச்சு ஓடுற வாசல்னு நமக்குத் தெரியாது. அவங்க ஈர மண்ணைப் பார்த்தே சொல்லிடுவாங்க. தப்பு வாசலை எல்லாம் மண் வச்சு அடைச்சுட்டு, அடியில ஓட்டை போட்ட ஒரு மண் சட்டியில வைக்கோலைத் திணிச்சு நெருப்பு வச்சு, அதை வளை வாயில கவுத்து ஓட்டை வழியா ஊதுவாங்க. புகை உள்ள போகும். கண்ணு எரிஞ்சு, மூஞ்சி கருத்து, பொம்பளைங்கதான் பெரும்பாலும் ஊதுவாங்க. அப்புறம் வளையை வெட்டினா எலியும் கிடைக்கும், அது சேர்த்து வச்ச கதிரும் கிடைக்கும். எலியும் அந்தக் கதிரும் அவங்க கூலி. என் கழனியில எலி திருடினதை மீட்டு எடுக்கிறதுதான் அவங்களுக்குச் சம்பளம். நான் கையிலேர்ந்து ஒரு பைசா குடுத்தது கிடையாது. எலி மருந்து வச்சா எலியோட ஆந்தையும் சாரைப்பாம்பும் செத்துப் போகுது, அடுத்த போகத்துல எலி ரெண்டு பங்காகும். எலி பிடிக்கிறவங்க இருக்கிற ஊர்ல மருந்து வாங்குற செலவு கிடையாது.

பாம்பைப் பத்திச் சொன்னா இன்னொண்ணும் சொல்லணும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978-லேர்ந்து இருக்கு. நாட்டுல பாம்புக்கடிக்குப் போடுற ஊசி மருந்து தயாரிக்கிறதுக்கு வேண்டிய விஷத்துல பெரும்பங்கு அங்கேர்ந்துதான் போகுது. எந்தக் கழனிக்காரனாவது கட்டுவிரியன் கடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போய் உயிரோட திரும்பி வந்தா, அந்த ஊசிக்குள்ள இருளர் கை இருக்கு. மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளருக்கு 2023-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அமெரிக்காவுல ஃபுளோரிடாவுக்கே மலைப்பாம்பு பிடிக்கக் கூட்டிக்கிட்டுப் போன ஆளுங்க அவங்க. எங்க ஊர்ல அதே சாதி ஆளு டீக்கடை பெஞ்சுல உட்கார மாட்டாரு. யாரும் உட்காராதேன்னு சொல்றது இல்ல. அவரே உட்கார மாட்டாரு. சொல்லாமலே தெரியிற மாதிரி வச்சிருக்கோம்.

அந்தக் குடிசைங்கள்ல ஒரு பெரியவர் இருக்காரு. எனக்குப் பத்து வயசாவது மூத்தவர். நான் இன்னி வரைக்கும் அவரைப் பேர் சொல்லி "வாடா"ன்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அவர் என்னை "ஐயா"ம்பார். எங்க அப்பாவையும் "ஐயா"ன்னார், என் மகன் ஆறாவது படிக்கிறப்ப அவனையும் "சின்னையா"ன்னார். இப்ப திடீர்னு நான் "வாங்க"ன்னு கூப்பிட்டா அவர் பயந்துடுவாரு, ஏதோ கேஸு வரப்போகுதுன்னு. ஐம்பத்தஞ்சு வயசுல மாறணும்னா இப்படி ஒரு சங்கடம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊர்ல இருளரைப் பத்திப் பேச்சு வந்தா எல்லாரும் ஒரே வார்த்தை சொல்லுவாங்க: "அதுங்க ஒரு இடத்துல நிக்காதுப்பா. நாடோடிங்க. வீடு கட்டிக் குடுத்தாலும் இருக்காது." நானும் சொல்லியிருக்கேன். போன மாசம் உட்கார்ந்து அந்தப் பெரியவர் இதுவரைக்கும் எங்கெங்க இருந்தாருன்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே வந்தப்ப எனக்கு மூஞ்சி வேற பக்கம் திருப்பிக்கலாம்னு இருந்துச்சு. முதல்ல ஒரு ரெட்டியார் கொல்லியில காவலுக்கு இருந்தாங்களாம். அஞ்சாறு வருஷம் ஆனதும் குடிசையை வேற மூலைக்கு மாத்தச் சொல்லிட்டாரு. அப்புறம் அங்கேர்ந்தும் போகச் சொல்லிட்டாரு. அடுத்து எங்க பெரியப்பா கிணத்து மேட்டுல. அங்கேயும் அதே கதை. அதுக்கப்புறம்தான் ஏரிக்கரை.

ஏன் மாத்துனோம்? எனக்குக் காரணம் தெரியும், ஏன்னா எங்க வீட்டுத் திண்ணையிலதான் பேசினாங்க. 1971-ல கலைஞர் ஆட்சியில ஒரு சட்டம் வந்துச்சு, விவசாயக் கூலிங்க அடுத்தவன் நிலத்துல குடிசை போட்டு இருந்தா அந்த மனைக்கட்டு அவங்களுக்கே சொந்தம்னு. தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையில இருந்தவங்களுக்கு அது பெரிய விடுதலை. இங்க நிலக்காரங்க வேற பாடம் படிச்சாங்க. ஒருத்தனையும் ஒரே இடத்துல ரொம்ப நாள் விடக்கூடாது, வேர் விட்டுடும். எங்க பெரியப்பா இதே வார்த்தையைத்தான் சொன்னாரு: "வேர் விட்டுடும்டா." அப்படி நாலு வருஷத்துக்கு ஒரு தரம் பிடுங்கி நட்டுட்டு, "அதுங்க நாடோடி"ன்னும் நாங்களே பேர் வச்சோம்.

இப்ப என் வீட்டுக் கதையைக் கேளுங்க. நான் இருக்கிறது எங்க தாத்தா கட்டின வீடு. மண் சுவர், நாட்டு ஓடு, முன்னால திண்ணை. இதுக்குப் பத்திரம் கிடையாது. ஊர்நத்தத்துல இருக்கு. நத்தம்னா ஊர்க்காரங்க குடியிருக்கன்னு விட்ட நிலம். யாரு எவ்வளவு நாளா எந்த இடத்துல இருக்காங்களோ அது அவங்களுது. 90-கள்ல நத்தம் நிலவரித் திட்டம்னு சொல்லி சர்வே பண்ண வந்தாங்க. எங்க அப்பா திண்ணையில உட்கார்ந்துக்கிட்டே, "இது வரைக்கும் என்னுது"ன்னு கையை நீட்டிக் காட்டினாரு. பக்கத்துக் காலி இடத்தையும் மாட்டுக்கொட்டாய்னு சேர்த்துக் காட்டினாரு. சர்வேயர் சங்கிலியைப் போட்டு அளந்தாரு, எழுதிக்கிட்டாரு, பட்டா வந்துச்சு. ஒரு காகிதம் கேட்கல. என்ன ஆதாரம்னு கேட்டப்ப அப்பா சொன்ன பதில் ஒரே வார்த்தை: "அனுபவம்."

எங்க அப்பாவுக்கு முப்பது நாப்பது வருஷம் இருந்தது அனுபவம். அந்தப் பெரியவர் இருபத்திரண்டு வருஷம் ஏரிக்கரையில இருந்தது ஆக்கிரமிப்பு.

"நத்தம் வேற, நீர்நிலை வேற, ரெண்டையும் முடிச்சுப் போடாதே"ன்னு நீங்க சொல்லுவீங்க. சட்டப்படி சரிதான். நான் ஏரித்தண்ணி குடிச்சு வளர்ந்தவன், ஏரிக்குள்ள வீடு இருக்கலாம்னு ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனா நத்தத்துல அவங்களுக்கு யாரு இடம் விட்டா? ஊர் நத்தம் முழுக்க நாங்க பிடிச்சுக்கிட்டோம், மாட்டுக்கொட்டாய் வைக்கோல்போர் வரைக்கும். காலனிக்குத் தனியா இடம் ஒதுக்கினாங்க, அங்கேயும் இவங்களுக்கு இடம் கிடைக்கல. பட்டா நிலத்துல வச்சிருந்தா நாங்க பிடுங்கி நட்டோம். கடைசியா யாரும் எனக்குன்னு கேட்காத இடம் ஏரிக்கரைதான். அங்க போய் உட்கார்ந்தாங்க. உட்கார்ந்ததுக்கு அவங்களுக்கு பி மெமோ போட்டு அபராதம் வாங்கினாங்க. அந்தப் பெரியம்மா அபராதம் கட்டின ரசீதையெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு இடுப்புல சொருகி வச்சிருக்கு, ரேஷன் கார்டோட சேர்த்து. அது அபராத ரசீதுன்னு அதுக்குத் தெரியாது. வீட்டு வரின்னு நெனைச்சுக்கிட்டு இருக்கு. நான் சொல்லல.

வீடுன்னா என்னன்னு கேட்டா, எனக்குப் பெரிசா தத்துவம் எதுவும் வராதுங்க. காலையில வேலைக்குப் போறப்ப வச்சிட்டுப் போன பொருள் சாயங்காலம் வர்றப்ப அதே இடத்துல இருக்கணும். பிள்ளையோட பள்ளிக்கூடப் பையை மாட்ட ஒரு ஆணி வேணும். ராத்திரி மழை பிடிச்சா திரும்பிப் படுத்துக்கிட்டுத் தூங்க முடியணும். முக்கியமா, எவனும் வந்து "எழும்பு"ன்னு சொல்லக்கூடாது. கான்கிரீட்டா கூரையாங்கிறதெல்லாம் அப்புறம். எங்க சித்தி கூரை வீட்டுல இருந்துக்கிட்டே எட்டுப் பிள்ளை பெத்து வளர்த்துச்சு, ஏன்னா அந்த இடம் அதோடது.

அரசாங்கத்துல வீட்டுக்குத் திட்டம் இல்லாம இல்ல. 'கலைஞர் கனவு இல்லம்'னு 2024-ல ஆரம்பிச்சிருக்காங்க. 2030-க்குள்ள குடிசையே இல்லாத தமிழ்நாடு, 8 லட்சம் வீடு. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. நல்ல திட்டம், எங்க தெருவுலயே மூணு பேர் கட்டியிருக்காங்க. மத்திய அரசு பழங்குடிகளுக்குன்னே 2023-ல பி.எம்.ஜன்மன்னு ஒண்ணு கொண்டுவந்தது. அதுல இருளரும் உண்டு. ஆனா எந்த வீடா இருந்தாலும் அதைக் கட்டுறதுக்கு முதல்ல ஒரு மனை வேணும். மனைக்குப் பட்டா வேணும். பழங்குடின்னு காட்ட சாதிச் சான்று வேணும், அதைக் கோட்டாட்சியர்தான் குடுக்கணும். விசாரணைக்கு வந்தா "எங்க குடியிருக்கே"ன்னு முதல் கேள்வி. இவங்க எங்கேன்னு சொல்லுவாங்க? புளியமரத்தடின்னா?

ஆக, கொஞ்சம் இடம் இருக்கிறவனுக்குத்தான் வீடு. ஒண்ணுமே இல்லாதவனுக்குக் கம்பளி.

முடியாதுன்னு ஒண்ணும் கிடையாது. 2021 தீபாவளி அன்னிக்கு முதலமைச்சரே மாமல்லபுரம் பக்கத்துல பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா குடுத்தாரு. கோயில் அன்னதானப் பந்தியிலேர்ந்து எழுப்பி விட்டுட்டாங்கன்னு ஒரு பொண்ணு பேசின வீடியோ ஊரெல்லாம் பரவினதால நடந்தது அது. எனக்கு சந்தோஷம்தான். ஆனா எல்லாக் குடும்பத்துலயும் அப்படி மைக்கைப் பிடிச்சுப் பேசுற ஒரு பொண்ணு இருக்கணுமா? எங்க புளியமரத்தடிப் பொம்பளைங்க என்னைக் கண்டாலே முந்தானையை வாயில வச்சுக்கும்.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் கொஞ்சம் சொல்லணும். "நீர்நிலையில யார் இருந்தாலும் எடுத்துத்தான் ஆகணும்"னு 2015 வெள்ளத்துக்கு அப்புறம் நீங்க ரொம்ப உறுதியாப் பேசுறீங்க. தி.நகர் எது மேல இருக்குன்னு நெனைக்கிறீங்க? 1920-கள்ல லாங் டேங்க்ங்கிற பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் அந்த நகரை உண்டாக்கினாங்க. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு பேர் மட்டும் நிக்குது. மதுரையில ஹைகோர்ட் கிளையே உலகனேரி கண்மாய்லதான் கட்டியிருக்கு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை எவ்வளவு கட்டடம் தின்னுச்சுன்னு என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். இதையெல்லாம் இடிக்கச் சொல்லல, இடிக்கவும் முடியாது. ஏரிக்குள்ள மாடி கட்டினா நகரம், குடிசை போட்டா ஆக்கிரமிப்புன்னு ரெண்டு பேர் எதுக்கு?

அந்த வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு, கூவம் கரையில இருந்தவங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டாங்க. அதுக்கும் முன்னால கண்ணகி நகர், செம்மஞ்சேரி. வேலை செய்யிற வீடும், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடமும் இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி. மழை வந்தா பெரும்பாக்கத்துலயும் தண்ணி நிக்குது. 2022 மே மாசம் ஆர்.ஏ.புரத்துல வீடுகளை இடிச்சப்ப ஒரு மனுசன் தீக்குளிச்சே செத்தாரு. ஒரு வாடகை வீட்டைக் காலி பண்ணணும்னாலே ரெண்டு மூணு மாச டைம் கேட்கிறீங்க, பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்ங்கிறீங்க. அது நியாயம். அந்த நியாயத்தை ஜேசிபிக்கு எதிர்ல நிக்கிற பிள்ளைக்கும் கேளுங்கன்னுதான் சொல்றேன்.

எங்க ஊர்லயும் மாத்து இடம்னு ஒண்ணு காட்டினாங்க. 11 கிலோமீட்டர் தள்ளி, கல்குவாரி ஓரம். தண்ணி கிடையாது, பஸ் கிடையாது. குவாரியில வெடி வச்சா கல்லு வந்து விழும். எலி பிடிக்கக் கழனி கிடையாது. பெரியவர் போய்ப் பார்த்துட்டு வந்து, "அங்க ஓணான்கூட இல்ல ஐயா"ன்னாரு.

இடிச்ச ரெண்டாம் நாளே மேஸ்திரி வந்துட்டான். அவனுக்கு எப்படித்தான் மோப்பம் தெரியுதோ. வீடு போன வீட்டுக்குத்தான் முன்பணம் சுலபமா ஏறும். மூணு குடும்பம் செங்கல் சூளைக்கு, ரெண்டு குடும்பம் மரம் வெட்ட. ஆளுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம்னு வாங்கிக்கிட்டுப் போயிருக்காங்க. கொத்தடிமை முறையை 1976-லயே சட்டம் போட்டு ஒழிச்சாச்சு. ஆனா அந்தக் கடன் எப்ப அடையும்னு அவங்களுக்கும் தெரியாது, மேஸ்திரியும் சொல்ல மாட்டான். அந்த அஞ்சு குடும்பத்துல பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்த பிள்ளைங்க ஆறு. ஒரு பையன் ஏழாவது, கணக்குல கெட்டிக்காரன். நெல்லு மூட்டை எண்ணறப்ப என் கணக்கைத் திருத்துவான். எங்க மனுவால போனது அதுவும்தான். நான் அந்தப் பிள்ளைகளை மனசுல வச்சுக்கிட்டா கையெழுத்துப் போட்டேன்? இல்ல. அவங்க அங்க இருக்காங்கங்கிறதே எனக்கு அப்ப ஞாபகம் வரல. அதுதான் என் குத்தம்.

இப்ப வேற ஒரு பேச்சு கிளம்பியிருக்கு. ஊருக்கு வடக்கால, களத்துமேட்டைத் தாண்டி, அறுபது சென்ட் தரிசுப் புறம்போக்கு இருக்கு. ஏரியும் இல்ல, ஓடையும் இல்ல. வெறும் கரம்பு. 14 குடும்பத்துக்கு மூணு மூணு சென்ட்டுன்னா 42 சென்ட்டு, மிச்சம் பாதைக்கு. குடுக்கலாமான்னு அதிகாரிங்க ஊர்ல அபிப்பிராயம் கேட்டாங்க. ஊர் பொங்கி எழுந்துடுச்சு. ஏரியைக் காப்பாத்த 62 கையெழுத்து வாங்க எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு. இதுக்கு எதிரா ஒரே சாயங்காலத்துல நூத்துக்கு மேல ஆகிடுச்சு.

என்ன சொல்றாங்கன்னா, மாடு மேய்க்க இடம் போயிடும். எங்க ஊர்ல இப்ப மொத்த மாடே முப்பது தேறாது, அதுல பாதி கொட்டாயிலயே கட்டித் தீவனம் போடுற கலப்பின மாடு. திருட்டு வரும்ங்கிறாங்க. இருபத்திரண்டு வருஷம் ஏரிக்கரையில இருந்தாங்களே, யார் வீட்டுல என்ன காணாமப் போச்சு? என் மோட்டார் ஒயரை அறுத்தவன் ஊர்த்தெருப் பையன், பேரு எல்லாருக்கும் தெரியும். பட்டா குடுத்தா வித்துட்டுப் போயிடுவாங்கங்கிறாங்க. ஒப்படைப் பட்டாவை அப்படி இஷ்டத்துக்கு விக்க முடியாது, நிபந்தனை போட்டுத்தான் குடுக்குறாங்க. சொந்த நிலத்தை லேஅவுட்காரனுக்கு வித்துட்டுத் திண்டிவனத்துல வீடு வாங்கிக்கிட்டுப் போன அஞ்சு குடும்பத்தை எவனும் நாடோடிங்கல. கடைசியா ஒருத்தர் உண்மையைச் சொல்லிட்டாரு: "களத்துமேட்டுக்குப் பக்கத்துல அவங்க இருந்தா நல்லாவா இருக்கும்?" அவ்வளவுதான் விஷயம். மத்ததெல்லாம் சும்மா.

அந்தக் கூட்டத்துல நான் இருந்தேன். வாயைத் திறக்கல. எல்லாரும் பங்காளி, மாமன் மச்சான். நாளைக்கு வாய்க்கால்ல தண்ணி விடணும், என் மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கணும். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி கேட்டா: "ஏங்க, நீங்க ஏதாவது சொன்னீங்களா?" சோறு போடுன்னேன்.

வாயைத் திறக்காததுக்கு வேற ஒரு காரணமும் இருந்துச்சு. அந்த அறுபது சென்ட் தரிசை ஒட்டித்தான் என் கொல்லி. எங்க அப்பா காலத்துலேர்ந்து தெற்கு ஓரம் எட்டு சென்ட்டு அளவுக்கு என் கொல்லியோட சேர்த்து உழுதுக்கிட்டு இருக்கோம். மார்கழியில மல்லாட்டை போட்டேன், முளைச்சு நல்லா நிக்குது. யாரும் எனக்கு பி மெமோ போட்டது இல்ல. ஆக்கிரமிப்பாளர்னு சொன்னதும் இல்ல. அளக்க வந்தா முதல்ல என் வண்டவாளம்தான் வெளிய வரும்.

ஜனவரி 26 கிராம சபைக்கு இந்தத் தீர்மானம் வருது. இந்தத் தடவை எழுந்து பேசுறேன்னு வீட்டுல சொல்லிட்டேன், இங்க உங்ககிட்டயும் சொல்லிட்டேன். அதுக்குன்னே எழுதுறேன், அப்பதான் பின்வாங்க முடியாது. ஏரி உள்வாய் இருபது ஏக்கர் தடையை நீக்க ஊரே சேர்ந்து வக்கீல் வைக்கணும்ங்கிறதையும் சேர்த்தே கேட்பேன். உங்கள்ல யாராவது உதவணும்னா, சாதிச் சான்று மனு, பட்டா மனு எழுதி அலுவலகத்துக்கு அலையத் தெரிஞ்சவங்க ஒரு வாரம் இங்க வந்து தங்குங்க. எங்க வீட்டுல திண்ணை இருக்கு, சாப்பாடு இருக்கு. அந்த மூணு சூளைக் குடும்பத்துக் கணக்கைப் பார்த்துக் குடுக்க ஒரு வக்கீல் வந்தா இன்னும் நல்லது.

முந்தாநேத்து மம்முட்டியை எடுத்துக்கிட்டுப் போய் அந்த எட்டு சென்ட்டையும் விட்டு உள்ள தள்ளி வரப்புப் போட்டேன். மல்லாட்டைச் செடியைப் பிடுங்க மனசு வரல, காய் பறிச்சப்புறம் உழாம விட்டுடலாம்னு இருக்கேன். பெரியவர் அந்தப் பக்கமா வந்து நின்னு பார்த்தாரு. எதுக்கு வரப்பை மாத்துறேன்னு கேட்கவே இல்ல. நடந்து போய் அந்த மூலையில குனிஞ்சு மண்ணைத் தொட்டுப் பார்த்துட்டு, "இங்க ரெண்டு வளை இருக்கு ஐயா, காய் பிடிக்கிறதுக்குள்ள வெட்டிடணும்"னாரு.

"வெட்டிடுங்க"ன்னேன். அவர் திரும்பி ஒரு மாதிரி பார்த்தாரு.

கம்பளி இன்னும் கொட்டாயிலதான் இருக்கு.